ஆட்டவிதியும் தெய்வ உருவும்

கணினி விளையாட்டு எதுவாயினும் அது இரண்டு அடுக்குகளால் ஆனது. திரையில் தோன்றும் உருவங்கள், அவற்றின் மேற்பரப்பு வண்ணங்கள், அசைவுகள், காதில் விழும் ஒலிகள் ஆகியவை ஓர் அடுக்கு. தொழிலில் இருப்போர் இவற்றை அசெட் என்ற பொதுப்பெயரால் அழைக்கின்றனர். அந்த உருவங்கள் எப்போது தோன்ற வேண்டும், ஒன்றோடொன்று மோதினால் என்ன நிகழ வேண்டும், ஆடுபவர் எதைச் செய்தால் வெற்றி, எதைச் செய்தால் தோல்வி என்று வரையறுக்கும் நிரல் மற்றோர் அடுக்கு. அதனை ஆட்டவிதி எனலாம். தெய்வ உருவம் ஒன்றோ மக்கள் தொழும் தலம் ஒன்றோ இத்தகைய விளையாட்டுக்கான அசெட்டாக வடிக்கப்பட்டு, ஆடுபவரின் விரலசைவுக்கு இயங்கும் நிலையை அடையும்போது, அதன் புனிதத்துக்கு ஊறு நேர்கிறதா என்பது சமயச் சிந்தனைக்கு உரிய கேள்வி. நேர்கிறது எனில், அந்த ஊறு உருவை வடிப்பதில் பிறக்கிறதா, வடித்த உருவைப் பிறர் இயக்குவதில் பிறக்கிறதா, இயங்கும் உருவை ஆட்டவிதி எந்த நிலைக்கு உள்ளாக்குகிறதோ அதில் பிறக்கிறதா என மூன்றாகப் பிரித்து நோக்குவது தெளிவு தரும். முதல் இரண்டுக்கும் சமய மரபுகள் நெடுங்காலமாகவே விடை வைத்திருக்கின்றன என்பதும், மூன்றாவதே இன்று விளையாட்டு ஆக்கம் கற்போர் முன் நிற்கும் மெய்யான சோதனை என்பதும் கீழ்வரும் பகுதிகளில் காட்டப்படும்.

களம்

இக்கேள்வி பெங்களூரின் காக்ஸ் டவுன் போன்ற ஒரு பகுதியில் தனிக் கூர்மை பெறுகிறது. 1809இல் உருவான இராணுவக் குடியிருப்பை ஒட்டி வளர்ந்து, 1947இல் மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்படும் வரை ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்த கண்டோன்மெண்ட் பகுதியில், படைக்கும் அதனைச் சார்ந்த தொழில்களுக்கும் வணிகத்துக்குமாகத் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் இன்றளவும் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். காக்ஸ் டவுனைச் சுற்றிப் பிரேசர் டவுன், குக் டவுன், அல்சூர் ஆகிய பகுதிகள் அமைந்துள்ளன. அல்சூரில் சோமேசுவரர் கோயிலும், பிரேசர் டவுனின் மசூதிச் சாலையில் பள்ளிவாசலும், சற்றுத் தொலைவில் சிவாஜி நகரில் செப்டம்பர் 8ஆம் நாள் தேர்பவனி காணும் தூய மரியன்னைப் பேராலயமும் உள்ளன. இப்பகுதியில் வளரும் ஓர் இளைஞர் விளையாட்டுக்கென்று ஒரு தெருவை வடிக்க முற்பட்டால், கோபுரமும் மினாரும் சிலுவை தாங்கிய முகப்பும் ஒரே காட்சிக்குள் வந்துவிடும். தம் சமயத்தின் உருவங்களோடு அண்டை வீட்டாரின் சமய உருவங்களையும் அவர் கையாள வேண்டியவராகிறார்.

நகரத்தின் தொழில் வரலாறும் இதே கேள்வியின்பால் இட்டுச் செல்கிறது. 1997இல் ராஜேஷ் ராவ் பெங்களூரில் நிறுவிய துருவா இன்டராக்டிவ், இந்தியாவின் தொடக்ககால விளையாட்டு ஆக்க நிறுவனங்களுள் முதன்மையானது. அயல்நாட்டு நிறுவனங்கள் வடிவமைக்கும் விளையாட்டுகளுக்கு வேண்டிய கார்கள், பாத்திரங்கள், சூழல்கள் முதலான அசெட்டுகளை உருவாக்கித் தருவதே அதன் பணியில் பெரும்பகுதியாக இருந்தது. ஃபோர்சா என்ற கார்ப் பந்தய விளையாட்டு வரிசைக்கு அது வடித்துக் கொடுத்த கார்கள் பலரும் அறிந்தவை. 2016இல் சுவீடனின் ஸ்டார்பிரீஸ் நிறுவனமும், 2019இல் ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனமும் அதனை அடுத்தடுத்து வாங்கின. பெங்களூரின் விளையாட்டுத் துறை இவ்வாறு பல்லாண்டுகள் உருவை இங்கே வடித்து, ஆட்டவிதியை வேறெங்கோ எழுதும் ஏற்பாட்டில் வளர்ந்தது. வடிப்பவர் ஒருவர், விதிப்பவர் இன்னொருவர் என்ற இந்தப் பிரிவினை, பொறுப்பு யாருடையது என்ற அறக்கேள்வியை எழுப்புகிறது.

உருவாக்கத்தின் இயல்பு

சமய விசாரணைக்கு முன் அசெட் எவ்வாறு உருவாகிறது என்பதைச் சுருக்கமாக அறிவது வேண்டும். இன்று கற்கத் தொடங்குவோர்க்குக் கருவிகளின் விலை தடையாக இல்லை. 2002இல் திறமூல மென்பொருளாக வெளியிடப்பட்ட பிளெண்டர் முப்பரிமாண உருவங்களை வடிக்கவும், 2014இல் திறமூலமாக வெளிவந்த கோடோ என்ற கேம் இன்ஜின் அவற்றை இயக்கவும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கேம் இன்ஜின் என்பது உருவங்களைத் திரையில் வரைதல், மோதலைக் கணித்தல், ஒலியை எழுப்புதல் முதலிய பொதுப்பணிகளைத் தானே செய்து, ஆக்குபவர் ஆட்டவிதியை மட்டும் எழுத இடம் தரும் அடிப்படை மென்பொருள்.

முப்பரிமாண உருவம் முதலில் மெஷ் எனப்படும் வலையாகப் பிறக்கிறது. புள்ளிகளை இணைக்கும் கோடுகளும் கோடுகளால் அடைபடும் முகங்களும் சேர்ந்து ஓர் உள்ளீடற்ற கூடாக அது அமையும். அந்தக் கூட்டின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்து அதன்மீது வண்ணமும் சொரசொரப்பும் பளபளப்பும் பதிக்கப்படும் படத்தை டெக்ஸ்சர் என்பர். உருவம் அசைய வேண்டுமானால் அதனுள் எலும்புக்கூடு போன்ற ஓர் அமைப்பைப் பொருத்தி, எந்த எலும்பு அசைந்தால் மேற்பரப்பின் எந்தப் பகுதி இழுபடும் என்று குறிக்க வேண்டும், இது ரிக்கிங். இவை யாவும் முடிந்த பின்னரும் அந்த உருவத்தின் ஊடாக மற்றொன்று தடையின்றிக் கடந்து போகும். கொலைடர் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத எல்லை ஒன்றை அதைச் சுற்றி வரைந்த பிறகே அது தொடக்கூடியதாக, தடுக்கக்கூடியதாக, தாக்கப்படக்கூடியதாக மாறுகிறது. அசெட்டும் ஆட்டவிதியும் சந்திக்கும் இடம் இந்த எல்லைதான்.

சிற்ப மரபில் பயின்றோர்க்கு இந்த ஒழுங்கின் சில கூறுகள் அந்நியமானவை அல்ல. தெய்வ உருவின் உயரத்தை முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு பகுக்கும் தாலமானம், ஒரு தாலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் என வைத்து, திருமால், சிவன் போன்ற தலைமைத் தெய்வங்களுக்கு உத்தம தசதாலம் என்ற 124 அங்குல அளவையும், தேவியர்க்கு மத்திம தசதாலம் என்ற 120 அங்குல அளவையும் வகுக்கிறது. அங்குலம் என்பது இங்கு அடிக்கோலின் அலகைக் குறிக்காமல் அந்தந்த உருவின் அளவிலிருந்தே பெறப்படும் பகுப்பைக் குறிக்கும். உருவைப் பெரிதாக்கினும் சிறிதாக்கினும் விகிதம் குலையாத இம்முறை கணினித் திரைக்கு இயல்பாகப் பொருந்துவது. ஆயினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சுவாமிமலைச் செப்புத் திருமேனி மெழுகில் உரு வடித்து, மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றி, இறுதியில் அச்சை உடைத்து எடுக்கப்படுவதால் ஓர் அச்சுக்கு ஒரு திருமேனி என்பது நியதி. கணினியிலோ ஒரே மெஷ்ஷை ஆயிரம் இடங்களில் நிறுத்தலாம்; ஒரு விசையை அழுத்தி அத்தனையும் நீக்கலாம்; நீக்கியதை மறு விசையால் மீட்கலாம். எளிதில் பெருகுவதும் எளிதில் அழிவதும் ஆகிய ஒன்றுக்குத் தெய்வ உருவம் என்ற தகுதி எப்படிப் பொருந்தும் என்ற ஐயம் இங்கேதான் எழுகிறது.

வடித்தல்

ஆகம மரபு இந்த ஐயத்துக்குத் தெளிவான விடை கூறுகிறது. கல்லிலோ உலோகத்திலோ வடிக்கப்பட்ட உரு, வடிக்கப்பட்டதாலேயே தெய்வமாகி விடுவதில்லை. பொன்னூசியால் கண் திறத்தல் உள்ளிட்ட சடங்குகள் நிறைவேறி, மந்திரங்களால் இறைவன் அதில் எழுந்தருளுமாறு வேண்டப்பட்ட பின்னரே அது வழிபாட்டுக்கு உரியதாகிறது. எழுந்தருளிய நிலை என்றென்றைக்கும் நீடிக்க வேண்டும் என்பதும் இல்லை. மணலாலோ அரிசியாலோ அமைத்துப் பூசை முடிந்ததும் நீக்கப்படும் இலிங்கத்தைச் சைவ நூல்கள் கணிகலிங்கம் என்ற பெயரால் அங்கீகரிக்கின்றன. சதுர்த்தியன்று களிமண்ணில் பிடித்த பிள்ளையாரிடம் முதலில் வருகையை வேண்டி, முடிவில் விடைகொடுத்து, அதன்பின் நீரில் கரைப்பது ஊரறிந்த வழக்கம். நவராத்திரிக் கொலுவில் படியேறி அமரும் பொம்மைகளும் விழா முடிந்ததும் துணியில் சுற்றப்பட்டுப் பெட்டிக்குள் போகின்றன. அழைத்தலும் அனுப்புதலும் அறிந்த மரபுக்கு, உருவின் தோற்றமோ மறைவோ தன்னளவில் பாதகமாகாது. அழைக்கப்படாத உருவை நீக்குவதில் குற்றம் காண இடமே இல்லை. ஆகவே பிளெண்டரில் முருகன் உருவை வடிக்கும் மாணவர் தவறான தோள் ஒன்றை அழித்து மீண்டும் வரைவது, சிற்பி உளியால் கல்லைத் தட்டி நீக்குவதினும் வேறானதன்று.

பிற சமயங்கள் இக்கேள்வியை வேறு வழிகளில் அணுகியுள்ளன. கிறித்தவத்தில் உருவங்களைப் போற்றலாமா என்ற பூசல் எட்டாம் நூற்றாண்டில் பெரும் பிளவாக முற்றியபோது, 787இல் கூடிய இரண்டாம் நிசேயாச் சங்கம், உருவுக்குச் செய்யும் மரியாதை அது குறிக்கும் மூலத்தையே சென்றடையும் என்றும், வணக்கத்தின் முழுமை இறைவனுக்கு மட்டுமே உரியது என்றும் வேறுபடுத்தித் தீர்வு கண்டது. இஸ்லாமிய மரபு உயிருள்ளவற்றை உருவாக வடிப்பது குறித்து மிகுந்த எச்சரிக்கை கொண்டது. நபிமார்களின் உருவங்களை வரைவதைப் பெரும்பாலான அறிஞர்கள் அறவே விலக்கினர். ஆயினும் அதே மரபில், நபிகளாரின் இல்லத்தில் ஆயிஷா பொம்மைகளை வைத்து விளையாடியதையும், அவற்றுள் சிறகுள்ள குதிரை ஒன்று இருந்ததையும், நபிகளார் அதைக் கண்டு தடுக்கவில்லை என்பதையும் நபிமொழித் தொகுப்புகள் பதிவு செய்கின்றன. அதனை முன்வைத்துக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளுக்குச் சட்ட அறிஞர்கள் பலர் விலக்கு அளித்தனர். உருவத்தை மிகக் கடுமையாக நோக்கிய மரபே விளையாட்டைத் தனி வகையாகப் பிரித்து வைத்தது கருதத்தக்கது. காக்ஸ் டவுனில் கற்கும் ஒருவர் இம்மூன்று நிலைகளையும் அறிந்திருந்தால், தமக்கு இயல்பாகத் தோன்றும் உருவாக்கம் அண்டை வீட்டாருக்கு எந்த எல்லையில் நெருடும் என்பதை முன்கூட்டியே உணர்வார்.

இயக்குதல்

2009இல் ஐதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ் நிறுவனம் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக உருவாக்கிய 'ஹனுமான்: பாய் வாரியர்' என்ற விளையாட்டு வெளிவந்தபோது, அமெரிக்காவில் வாழும் இந்து சமயச் செயற்பாட்டாளர் ராஜன் ஜெட் அதனைத் திரும்பப் பெற வேண்டும் என்று வற்புறுத்தினார். மக்கள் வழிபடும் தெய்வத்தை ஆடுபவர் தம் கையிலுள்ள ஜாய்ஸ்டிக்கால் கட்டுப்படுத்துவது அத்தெய்வத்தைத் தாழ்த்துவதாகும் என்பது அந்த எதிர்ப்பின் சாரம். இந்த வாதம் மேலோட்டமானதன்று. வழிபாட்டில் பக்தர் தெய்வத்தின் ஆணைக்கு உட்பட்டவர், விளையாட்டிலோ தெய்வம் ஆடுபவரின் ஆணைக்கு உட்படுகிறது என்ற தலைகீழ் மாற்றத்தை அது சுட்டுகிறது.

எனினும் தெய்வ உருவை மனிதர் இயக்குவது தென்னிந்தியச் சமய வாழ்வுக்குப் புதிதன்று. கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில் பத்திரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில் கம்பராமாயணப் பாடல்களைப் பாடி நடத்தப்படும் தோல்பாவைக்கூத்தில், இராமனின் கையும் காலும் திரைக்குப் பின்னுள்ள கலைஞரின் குச்சியசைவுக்கே இயங்குகின்றன. அதைக் காணும் முதன்மைப் பார்வையாளர் காளி என்பதே அங்குள்ள நம்பிக்கை. தொண்டை நாட்டுத் திரௌபதியம்மன் விழாக்களில் தெருக்கூத்துக் கலைஞர்கள் பாரதப் பாத்திரங்களைத் தம் உடலில் ஏற்கின்றனர். பெங்களூரின் தர்மராயசுவாமி கோயிலில் திகளர் சமூகத்தினர் சித்திரை முழுநிலவையொட்டி நடத்தும் கரக விழாவில், பெண்வேடம் பூண்ட பூசாரி திரௌபதியின் சக்தியைத் தலையில் தாங்கி நள்ளிரவில் நகர்வலம் வருகிறார். அவர் கால் எங்கே செல்கிறதோ அங்கேதான் கரகமும் செல்கிறது.

தத்துவத் தளத்தில் வைணவ ஆசாரியர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். கோயிலில் எழுந்தருளியுள்ள அர்ச்சாவதாரம் நீராட்டவும் உடுத்தவும் உண்பிக்கவும் அடியாரையே சார்ந்திருக்கிறது என்றும், எல்லாவற்றையும் ஆள்பவன் அன்பின் மிகுதியால் தன்னைப் பிறருக்கு வசப்பட்டவனாக ஆக்கிக்கொண்ட இந்த நிலையே, அதாவது பாரதந்திரியமே, அவன் எளிமையின் உச்சம் என்றும் அவர்கள் விளக்கினர். கண்ணன் உரலில் கட்டுண்டதும், அருச்சுனன் ஏவிய திசையில் தேரைச் செலுத்தியதும் பக்தி மரபில் பெருமையாகப் போற்றப்படுவது இதனால்தான். ஆகவே மனிதர் கைக்கு வசப்படுதல் என்ற ஒன்றை மட்டும் வைத்துப் புனிதம் கெட்டது என்று தீர்ப்பளித்தால், பாவைக்கூத்தையும் கரகத்தையும் அர்ச்சாவதாரக் கொள்கையையும் சேர்த்தே மறுக்க நேரிடும். ஜெட்டின் எதிர்ப்பு ஏதோ ஒரு மெய்யான நெருடலை உணர்ந்தது. அதன் இருப்பிடத்தை ஜாய்ஸ்டிக்கில் தேடியதுதான் பொருந்தவில்லை.

விதித்தல்

அந்த இருப்பிடத்தைக் காட்டும் தெளிவான வழக்கு ஒன்று இங்கிலாந்தில் நிகழ்ந்தது. 2006இல் வெளிவந்த 'ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்' என்ற விளையாட்டில் மான்செஸ்டர் பேராலயத்தின் உட்புறம் துப்பாக்கிச் சண்டை நிகழும் களமாக இடம்பெற்றது. துப்பாக்கி வன்முறையால் இளைஞர்களைப் பறிகொடுத்திருந்த அந்நகரில் இங்கிலாந்துத் திருச்சபை கடும் எதிர்ப்புத் தெரிவித்தது. 2007இல் சோனி நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. அங்கே தெய்வ உரு எதுவும் இயக்கப்படவில்லை. தூண்களும் வளைவுகளும் உள்ளவாறே வடிக்கப்பட்டிருந்தன. புண்பட்டதற்குக் காரணம், அந்தத் தூண்களுக்கிடையே ஆடுபவர் செய்யுமாறு ஆட்டவிதி பணித்த செயல். 2014இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி'யில் பாரிசின் நோத்ர்தாம் பேராலயம் பெருமுயற்சியோடு வடிக்கப்பட்டிருந்தது. கொலை அந்த விளையாட்டிலும் உண்டு. ஆயினும் கோபுரங்களில் ஏறி, கூரை மீது நடந்து, உள்ளே நின்று மேல்நோக்கிப் பார்க்க அதன் விதிகள் இடம் கொடுத்தன. 2019 ஏப்ரலில் பேராலயம் தீக்கிரையானபோது அந்நிறுவனம் விளையாட்டைச் சில நாள்கள் இலவசமாக வழங்கியது. இழந்த கட்டடத்தை நினைவுகூர மக்கள் அதனுள் சென்றனர். ஒரே வகை அசெட் ஓரிடத்தில் அவமதிப்பாகவும் மற்றோரிடத்தில் அஞ்சலியாகவும் அமைந்தது அதனுள் நிகழக்கூடிய செயல்களைப் பொறுத்தே.

தமிழகத்தில் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடப்படும் பரமபத சோபான படமும் இதே பாடத்தை நுட்பமாகக் கற்பிக்கிறது. பலகையில் தீட்டிய உருவங்கள் அறத்தை ஏணியாகவும் தீவினையை நச்சரவமாகவும் காட்டி, நல்வினை உயர்த்தும், தீவினை வீழ்த்தும் என்று போதிக்கின்றன. ஆட்டவிதி கூறுவது வேறு. ஆடுபவர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. தாயம் உருள்கிறது, விழுந்த எண்ணுக்கேற்பக் காய் ஏறுகிறது அல்லது இறங்குகிறது. உருவம் வினைக்கொள்கையைச் சொல்ல, விதி தற்செயலைச் சொல்கிறது. தாயத்தில் விழும் எண் முற்பிறவியில் ஈட்டிய வினைப்பயனைக் குறிக்கும் என்று கொண்டு இவ்விரண்டையும் ஒன்றுபடுத்தலாம். அவ்வாறு கொள்ளும்போது அந்த ஆட்டம் பழவினையின் வலிமையையும், அதனைக் கடக்க அருள் ஒன்றே துணை என்ற வைணவக் கருத்தையும் உணர்த்துவதாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஆட்டம் இங்கிலாந்து சென்றபோது படங்கள் மாறின, பரமபதம் மறைந்தது, விதி அப்படியே நின்றது. இன்று உலகெங்கும் சிறுவர் ஆடும் பாம்பும் ஏணியும் அதுவே. ஓர் ஆட்டத்தின் நிலைத்த கூற்று அதன் விதியில் தங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த அளவுகோலை அனுமன் விளையாட்டு போன்றவற்றுக்குப் பொருத்திப் பார்க்கலாம். சண்டை விளையாட்டுகளில் வழக்கமாகக் காணப்படும் உயிர்ப்பட்டை, அதாவது அடிபடும்தோறும் குறைந்து பூச்சியத்தைத் தொட்டதும் ஆட்டத்தை முடித்துவைக்கும் அளவுக்கோடு, தெய்வத்துக்குப் பொருத்தப்படும்போது தெய்வம் தேய்ந்து தீரக்கூடியது என்ற கூற்றாகிறது. அனுமன் பிரமாத்திரத்துக்குக் கட்டுப்பட்ட கதை இராமாயணத்தில் உண்டே என்று வாதிடலாம். அங்கே கட்டுப்பாடு அவன் இசைந்து ஏற்றது; இங்கே வீழ்ச்சி, ஆடுபவர் பொத்தானை நொடியில் ஒரு பங்கு தாமதித்து அழுத்தியதால் நேர்ந்தது. கூத்துக் கலைஞர் வரியை மறந்தால் மறந்தவர் கலைஞர், கண்ணன் அல்லன் என்பது அவையோர்க்குத் தெரியும். தொடக்கத்துப் பூசையும் முடிவில் வேடம் களைதலும் அந்தத் தெளிவைக் காக்கின்றன. விளையாட்டுக்கும் அத்தகைய தெளிவைத் தரும் விதி எழுத முடியும். ஆடுபவர் பிழைசெய்தால் தெய்வம் மாண்டதாகக் காட்டாமல் விலகி மறைந்ததாகவும், ஆடுபவர் மீண்டும் அழைத்தால் தோன்றுவதாகவும் அமைப்பது நிரல் எழுதுவோர்க்குச் சில வரிகளே. அழைத்தலும் விடைகொடுத்தலும் என்ற வழிபாட்டு இலக்கணத்துக்கும் அது இயைந்தது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட 'ராஜி' வேறொரு வழியைக் கண்டது: ஆடுபவர் இயக்குவது தம்பியைத் தேடிச் செல்லும் ஒரு சாதாரணப் பெண்ணை, துர்க்கையும் திருமாலும் கதையை உரைத்து, படைக்கலம் அளித்து, துணைநிற்கின்றனர்.

ஆக்குபவர் கடவுளா

கேம் இன்ஜினைக் கற்கும் எவர்க்கும் தாம் ஓர் உலகைப் படைப்பதாகத் தோன்றுவது இயல்பு. சைவ சித்தாந்தம் கூறும் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழில்களை இதனோடு ஒப்பிடுவதும் எளிது: உருவைத் தோற்றுவிக்கும் கட்டளை, நொடிக்கு 60 முறை, அதாவது ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை, உலகை மீண்டும் வரைந்து நிலைநிறுத்தும் சுழற்சி, நீக்கும் கட்டளை, பார்வைக்கு அப்பாற்பட்டவற்றை வரையாமல் மறைக்கும் உத்தி, அடுத்த நிலையைத் திறந்துவிடும் வாயில் என ஐந்தும் கிடைத்துவிடும். ஒப்புமை இனிக்கிறது, ஆனால் மையத்தில் முறிந்துபோகிறது.

சித்தாந்தத்தின்படி இறைவன் இல்லாததிலிருந்து எதையும் படைப்பதில்லை. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது போல, உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். கணினித் தரவும், பிளெண்டரும், ஆக்குபவரும் இம்மூன்றுக்கு இணையாக நிற்கலாம். ஆயினும் இறைவன் ஐந்தொழில் ஆற்றுவது தன் பொருட்டன்று, அநாதியாக உள்ள உயிர்கள் மலநீக்கம் பெறும் பொருட்டு. விளையாட்டினுள் உலவும் பாத்திரங்களுக்கு உயிரில்லை, மலமில்லை, விடுதலையும் இல்லை. பதி, பசு, பாசம் என்ற முப்பொருளில் உயிரைக் குறிக்கும் பசுவின் இடம் திரைக்குள் வெறுமையாகவே இருக்கிறது. அந்த இடத்தை நிரப்பக்கூடியவர் திரைக்கு வெளியே அமர்ந்து ஆடுபவர் ஒருவரே. அறிபவரும் பழகுபவரும் மாறுபவரும் அவர்தான். ஆட்டவிதி ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும்போது அதன் பழக்கம் படிவது அவர் உள்ளத்தில்தான். தெய்வ உருவைத் தாக்கும் விதி அந்த உருவை ஒன்றும் செய்வதில்லை. தாக்குபவரின் மனத்தைப் பண்படுத்துகிறது அல்லது முரடாக்குகிறது. ஆகவே ஆக்குபவரின் கடன் ஆடுபவரைக் குறித்தது. கடவுள் என்ற பட்டத்தைவிட அது எளியது, ஆனால் கனமானது.

தெய்வம் எதுவும் தோன்றாத விளையாட்டிலும் இந்தக் கடனை நிறைவேற்றலாம் என்பதற்கு, டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டு, 2024இல் பாஃப்டாவின் சிறந்த முதல் விளையாட்டுக்கான விருதைப் பெற்ற 'வெண்பா' சான்று. கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தி தன் தாயிடமிருந்து பெற்ற சமையல் குறிப்பேடு சிதைந்து கிடக்கிறது. எஞ்சிய சொற்களைக் கொண்டு செய்முறையை ஊகித்துச் சமைப்பதே ஆட்டவிதி. சட்டியும் இட்லித் தட்டும் அன்போடு வடிக்கப்பட்ட அசெட்டுகள். அவற்றுக்குப் பொருள் தருவது, அறுந்த மரபைப் பொறுமையோடு இணைக்கும் செயலை ஆடுபவரே செய்யுமாறு அமைந்த விதி.

வடிப்பவரின் பொறுப்பு

ஆட்டவிதியே புனிதத்தின் உரைகல் எனில், விதியை எழுதாமல் உருவை மட்டும் வடித்துக் கொடுப்பவர் பொறுப்பிலிருந்து விடுபட்டவரா என்ற கேள்வி எஞ்சுகிறது. பெங்களூரின் தொழில் அமைப்பில் இது ஏட்டளவிலான கேள்வியன்று. கோயில் மரபில் இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. கண் திறத்தல் முடிந்ததும் சிற்பிக்கு உரிய மரியாதைகள் செய்து அவரை விடுவிக்கும் ஸ்தபதி விசர்ச்சனம் என்ற சடங்கு நிகழ்கிறது. அதன்பின் திருமேனி ஆசாரியரின் பொறுப்பாகிறது. வடித்தவர் ஒருவர், உயிர்ப்பித்தவர் மற்றொருவர் என்ற பிரிவினை அங்கும் இருக்கிறது. எனினும் ஸ்தபதி எந்தத் தெய்வத்தை, எந்தத் தியான சுலோகத்தின்படி, எந்தக் கோயிலுக்கு வடிக்கிறார் என்பதைத் தொடக்கம் முதலே அறிந்தவர். விடுதலை அவருக்குக் கிடைப்பது அந்த அறிவோடு கடமையை முடித்ததால்.

ஒப்பந்த முறையில் அசெட் வடிப்பவர், தாம் வடிக்கும் உரு எந்த விதிக்குள் போகிறது என்பதைப் பல வேளைகளில் அறியார். இரகசிய ஒப்பந்தங்கள் அதை மறைக்கின்றன. இணைய அசெட் கடைகளில் ஒருமுறை விற்ற நடராசர் உரு, விற்றவர் அறியாத எத்தனையோ விளையாட்டுகளில் நிற்கக்கூடும். நூலகத்திலும் நிற்கலாம், குறிபார்த்துச் சுடும் பயிற்சித் தளத்திலும் நிற்கலாம். அறியாமை இங்கே வடிப்பவரைக் குற்றத்திலிருந்து காக்கலாம். ஆனால் ஸ்தபதியின் விடுதலைக்கு அது ஈடாகாது. பிறர் தொழும் உருவை வடிக்கும்போது அதன் பயன்பாட்டைக் கேட்டறிவதும், விடை கிடைக்காவிடில் அந்தப் பணியை மறுப்பதும், தாமே வெளியிடும் உருவுக்கு உரிமக் குறிப்பில் வரையறை எழுதுவதும் வடிப்பவரின் உரிமைகள். உரிமை அனைத்தையும் துறந்து பொதுவில் விடும் உரிமமுறை பானை, மரம், நாற்காலிக்குப் பொருந்தும். கருவறைத் திருமேனிக்குப் பொருந்துமா என்று வெளியிடும் முன் எண்ணிப்பார்ப்பது நலம்.

விளையாட்டு ஆக்கம் கற்பிக்கும் வகுப்புகள் பெரும்பாலும் மெஷ்ஷில் தொடங்கி, டெக்ஸ்சர், ரிக்கிங் எனச் சென்று, ஆட்டவிதியை இறுதியில் தொடுகின்றன. சமயப் பன்மை மிக்க ஒரு நகரில் இந்த வரிசை திருத்தப்பட வேண்டும். கோபுரத்தையோ மினாரையோ மாதாவின் திருவுருவையோ வடிக்கப் புகும் மாணவர், முதல் புள்ளியை இடும் முன்னரே மூன்று வினாக்களுக்கு எழுத்தில் விடை காணும்படி ஆசிரியர்கள் பயிற்றுவிக்கலாம்: இதன் முன் ஆடுபவர் என்ன செய்ய முடியும், அவர் தவறினால் இதற்கு என்ன நேரும், இதைத் தொழும் ஒருவர் அருகில் அமர்ந்து இந்த ஆட்டத்தைக் காண நேர்ந்தால் எழுந்து போவாரா, தொடர்ந்து பார்ப்பாரா. மூன்றாம் வினாவுக்கான விடையை ஊகித்து எழுதுவதைவிட அடுத்த தெருவுக்குச் சென்று கேட்டுவருவதே சரி. காக்ஸ் டவுனில் கற்பவர்க்கு அது நெடுந்தொலைவும் அன்று.